பழைய வீட்டுக் காற்றைப் பரிசோதிக்க ஆள் பிடிக்கும் முன்

உள்ளே 160, வெளியே 13.

ஸ்காபரோவில் 1956இல் கட்டிய பங்களா ஒன்றை வாங்கி, அதில் நாங்கள் கழித்த முதல் பெப்ரவரியில் கைக்கு வந்த மோல்ட் (பூஞ்சணம்) அறிக்கையில், சிவப்பு எழுத்தில் இருந்த எண்கள் இவை. வெளிக்காற்றைவிட வீட்டுக்குள் பன்னிரண்டு மடங்கு பூஞ்சண வித்திகள் என்றது அறிக்கை. பேஸ்மென்டில் படுத்த மகனை அன்றிரவே மேலே வரவேற்பறைக்கு மாற்றினோம். அன்று பின்னேரமே அதே கம்பனியிடமிருந்து, பேஸ்மென்ட் சுவர்களை உரித்துச் சுத்தம் செய்வதற்கான விலையும் வந்துவிட்டது. பரிசோதனை இலவசம் என்றுதான் கூப்பிட்டிருந்தோம். விலையைப் பார்த்த பிறகு, ஏன் இலவசம் என்று விளங்கியது.

அந்த 160 என்றால் என்ன என்பதற்குப் பிறகு வருகிறேன். ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியும் 1950களில், 60களில் கட்டிய வீட்டை வாங்கியவர்கள், வாங்கப் போகிறவர்கள், அதன் பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். நம்மில் பலருக்குக் கனடாவின் முதல் வீடே ஒரு பேஸ்மென்ட்தானே.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். காற்றுப் பரிசோதனையை முதல் வேலையாகச் செய்யாதீர்கள். கண்ணுக்குப் பூஞ்சணம் தெரிந்தால், அது என்ன இனம் என்று ஆய்வுகூடத்தில் பார்க்கத் தேவையில்லை; எந்த இனமாக இருந்தாலும் ஈரத்தை நிறுத்திச் சுத்தம் செய்யுங்கள் என்பதுதான் கனடா சுகாதாரத் திணைக்களத்தின் நிலைப்பாடு. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகமும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. காற்றில் இத்தனை வித்தி வரை பரவாயில்லை என்று இரண்டு நாட்டு அரசுகளும் அளவு எதுவும் வைக்கவில்லை. ஆகவே "உங்கள் வீடு பாஸ்", "உங்கள் வீடு ஃபெயில்" என்று யாராவது முத்திரை குத்தினால், அந்த முத்திரை அவர்களாகவே செய்துகொண்டது.

முதலில் தண்ணீரைத் தேடுங்கள்

வித்தி எல்லா வீட்டுக் காற்றிலும் உண்டு. அதற்குத் தீனியான மரமும், டிரைவால் பலகையின் கடதாசியும், தூசியும் எல்லா வீட்டிலும் உண்டு. நம்மால் குறைக்கக்கூடியது ஈரம் மட்டும்தான். அதனால் ஒரு டோர்ச், ஒரு கொப்பி, கடையில் மலிவாகக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்று ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு, நல்ல மழை பெய்யும் நாளில் வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். வெயில் நாளில் பார்த்துப் பயனில்லை.

வெளியிலிருந்து தொடங்குங்கள். கூரைப் பீலியில் இலை அடைத்து, தண்ணீர் சுவரோடு வழிகிறதா? பீலியிலிருந்து இறங்கும் குழாய் எங்கே முடிகிறது? முன்பெல்லாம் இந்தக் குழாய்கள் நிலத்துக்குள் போய்க் கழிவுநீர்க் குழாயோடு சேர்ந்தன. அதைத் துண்டிக்க வேண்டும் என்று ரொறன்ரோ மாநகரசபை கட்டாயமாக்கியது. பலர் துண்டித்தார்கள், ஆனால் சுவரின் அடியிலேயே துண்டித்தார்கள். ஒரு முழுக் கூரையின் தண்ணீரும் அத்திவாரத்துக்குப் பக்கத்தில் கொட்டுகிறது. அந்தக் கால வீடுகளின் அத்திவாரத்தைச் சுற்றிப் பதித்த வடிகால்கள் சுட்ட மண்குழாய்கள். அறுபது எழுபது வருடத்தில் சேறும் மரவேரும் அவற்றை அடைத்திருக்கும். குழாயின் வாயை இரண்டு மீற்றர் தள்ளி விடுவதும், சுவரோரம் மண்ணைச் சரிவாக அணைப்பதும் ஒரு சனிக்கிழமை வேலை. பேஸ்மென்ட் ஈரத்துக்கு இதைவிட மலிவான வைத்தியம் எனக்குத் தெரியாது.

அடுத்து உள்ளே. அத்திவாரச் சுவரில் வெள்ளையாகப் பூத்திருந்தால் பதறாதீர்கள். கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். கரைந்து மறைந்தால் அது உப்பு. பூஞ்சணமென்றால் கரையாது. ஆனால் உப்புப் பூப்பதும் ஒரு செய்திதான்: சுவருக்குள்ளால் தண்ணீர் வந்து காய்ந்து போகிறது என்று அர்த்தம்.

ஈரம் வெளியிலிருந்து ஊறுகிறதா, உள்காற்றிலிருந்து படிகிறதா என்று தெரியாவிட்டால், வெறும் சுவரில் ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் இறுக்கி ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் ஊறல். அறைப் பக்கம் நனைந்திருந்தால் உள்காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு: முதலாவதற்கு வெளியே மண்வெட்டி, இரண்டாவதற்கு உள்ளே காற்றோட்டமும், காற்றின் ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபையரும். இந்த வித்தியாசம் தெரியாமல் டீஹியூமிடிஃபையரை வருடக்கணக்கில் ஓட்டி மின்கட்டணம் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நம் வீடுகளுக்கே உரிய சில இடங்களும் உண்டு. வெளிச்சுவரோடு ஒட்டி வைத்த அலுமாரியின் பின்பக்கம். அங்கே காற்றுப் போகாது, சுவர் குளிர்ந்தே கிடக்கும். கொங்கிறீற் தரையில் நேரடியாக விரித்த கார்பெட். அப்புறம் குசினி. அடுப்புக்கு மேலே இருக்கும் புகைபோக்கி வெளியே போகிறதா, இல்லை ஒரு வலையால் வடித்து அதே காற்றைத் திரும்ப முகத்தில் ஊதுகிறதா என்று பாருங்கள். பழைய பங்களாக்கள் பலவற்றில் இரண்டாவதுதான். புட்டும் சோறும் தினமும் அவிக்கிற வீட்டுக்கு அது போதாது. குளியலறை விசிறியின் குழாயையும் தொடர்ந்து போய்ப் பாருங்கள். அது கூரைக்கு வெளியே போகாமல் முகட்டுக்குள்ளேயே முடிந்தால், குளிர்காலத்தில் கூரைப் பலகை முழுக்கக் கறுத்துப் போகும்.

ஈரப்பதமானி காட்டும் உள்காற்றின் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதம் வரை இருந்தால் நல்லது. கடும் குளிரில் யன்னல் கண்ணாடி வியர்க்கத் தொடங்கினால் 30க்குக் கிட்டக் கொண்டுவர வேண்டும்.

வீடு வாங்கப் போகிறவர்கள் விற்பவரிடம் பொதுவாக "தண்ணீர் வந்ததா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். திகதி சொல்லிக் கேளுங்கள்: 2013 யூலை 8 என்ன நடந்தது? 2024 யூலை 16 என்ன நடந்தது? இரண்டும் இந்த நகரமே வெள்ளத்தில் நின்ற நாட்கள். நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சணம் பிடிக்காது. கார்பெட்டை மட்டும் காயவைத்து, சுவருக்குள் இருந்த குளிர்காப்புப் பஞ்சை அப்படியே விட்ட வீடுகளில்தான் பிரச்சினை ஒளிந்திருக்கும்.

எதை நாமே துடைக்கலாம்

ஒரு சதுர மீற்றருக்குக் குறைவான திட்டு, அதுவும் மூன்றுக்கு மேல் இல்லை என்றால், நீங்களே செய்யலாம். முகக்கவசம் என்95, கையுறை, கண்ணை மூடும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் தண்ணீரும் போதும். பிளீச் தேவையில்லை. டிரைவாலுக்குள் ஊறிப்போனதைத் துடைத்துப் பயனில்லை, வெட்டி எடுக்கத்தான் வேண்டும். ஆனால் கத்தியை எடுக்கும் முன் கீழே அஸ்பெஸ்டஸ் பற்றி எழுதியிருப்பதை வாசித்துவிடுங்கள். நாலுக்கு எட்டு அடிப் பலகையின் அளவைத் தாண்டிய திட்டு என்றால் தொழில் தெரிந்தவர்களின் வேலை அது. வீட்டில் ஆஸ்துமாவோ நோயெதிர்ப்புக் குறைவோ உள்ளவர் இருந்தால், சின்னத் திட்டானாலும் அவர் வெளியே நிற்கட்டும், வேறொருவர் துடைக்கட்டும்.

சரி, பரிசோதகர் எப்போது தேவை?

ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: இந்த எண் கூடவோ குறையவோ வந்தால், நான் செய்யப் போவது மாறுமா? மாறாது என்றால் காசைப் பீலிக்குச் செலவழியுங்கள்.

மாறும் இடங்களும் உண்டு. மணம் மட்டும் இருக்கிறது, கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, எந்தச் சுவரைத் திறப்பது என்று தெரியவில்லை. அல்லது பெரிய துப்புரவு வேலை முடிந்து, மிச்சப் பணத்தைக் கொடுக்கும் முன் வேலை சரியா என்று மூன்றாம் ஆளின் சொல் வேண்டும். அல்லது வீட்டு உரிமையாளரோடோ காப்புறுதிக் கம்பனியோடோ வழக்கு வரப் போகிறது, எழுத்தில் ஒரு சாட்சி வேண்டும். இவற்றில் இரண்டாவதற்குத்தான் பரிசோதனை மிக நன்றாகப் பயன்படுகிறது என்பது என் அபிப்பிராயம். நம் ஆட்கள் மிகக் குறைவாகச் செய்வதும் அதைத்தான்.

இணையத்தில் விற்கும் காற்று மானிகளைப் பற்றியும் கேட்பீர்கள். அவை பிஎம் 2.5 என்ற நுண்துகள், காபனீரொட்சைட்டு, ஈரப்பதம் போன்றவற்றைக் காட்டும். பூஞ்சணத்தைக் காட்டாது. ஆனால் அறையின் காற்றோட்டத்தை அறிய நல்ல கருவி: கதவு பூட்டிப் படுக்கும் அறையில் விடிய எழும்பிப் பார்த்தால் காபனீரொட்சைட்டு 1,000 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 1,000 பங்கை)த் தாண்டி நிற்கும். கனடாவின் வீட்டுக் காற்று வழிகாட்டலில் அதுதான் நீண்டகால எல்லை. வெளிக்காற்றில் 420 அளவில் இருக்கும்.

யாரைக் கூப்பிடுவது

நியூயோர்க் மாநிலத்தில் மோல்ட் மதிப்பிடுபவருக்கு அரசு உரிமம் வேண்டும்; ஒரே வேலையில் மதிப்பிட்டவரே துப்புரவும் செய்வது அங்கே சட்டவிரோதம். ஒன்ராறியோவில் அப்படி உரிமம் கிடையாது. இன்று காலை ஒரு பெயர்ப்பலகை அச்சடித்தவரும் மோல்ட் இன்ஸ்பெக்டர்தான். ஆகவே அந்தச் சட்டத்தை நாமே நம் வீட்டுக்குள் போட்டுக்கொள்ள வேண்டும்: சோதிப்பவர் வேறு, துப்புரவு செய்பவர் வேறு. இரவுச் சாப்பாட்டு நேரத்தில் தொலைபேசியில் கூப்பிட்டு டக்ட் கிளீனிங் (காற்றுக் குழாய்த் துப்புரவு) விற்கிறவர்கள் "மோல்டும் பார்ப்போம்" என்றால், சிரித்துக்கொண்டே வைத்துவிடுங்கள்.

தொலைபேசியிலேயே இவற்றைக் கேட்கலாம். நீங்கள் துப்புரவு வேலையும் செய்கிறீர்களா? வேறொரு துப்புரவுக் கம்பனியிடம் தரகு வாங்குகிறீர்களா? மாதிரி எடுக்காமல், பார்த்து மட்டும் ஒரு அறிக்கை தருவீர்களா, அதற்கு எவ்வளவு? எந்த ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிறீர்கள், அதற்கு ஆய்வுகூடங்களை மதிப்பிடும் ஏஐஎச்ஏ (AIHA) போன்ற அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலைக் கவனியுங்கள். நல்ல பரிசோதகர் கண்ணாலும், சுவரிலும் மரத்திலும் ஈரம் அளக்கும் ஈரமானியாலும் பாதி வேலையை முடிப்பவர். "பார்த்துவிட்டுத்தான் மாதிரி தேவையா என்று சொல்லலாம்" என்பார். வீட்டைப் பார்க்கும் முன்பே "ஆறு மாதிரி எடுக்க வேண்டும்" என்பவர் மாதிரி விற்க வருகிறார்.

அந்த நாளில்

முதல் நாளே யன்னல்களைப் பூட்டி வையுங்கள். தூசி உறிஞ்ச வேண்டாம், பிளீச் அடிக்க வேண்டாம், மணத்தை மறைக்க எதுவும் தெளிக்க வேண்டாம். சாமி அறையில் சாம்பிராணியும் ஊதுபத்தியும் ஒரு நாள் ஓய்வெடுக்கட்டும். நுண்துகள் அளக்கிறார்கள் என்றால் அது எண்ணை ஏற்றிவிடும். எந்த மூலையில் எப்போது தண்ணீர் வந்தது என்று கொப்பியில் எழுதியதை அவர் கையில் கொடுங்கள். அவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

வருபவர் ஈரமானியால் சுவரையும் மரச்சட்டத்தையும் தொட்டுப் பார்ப்பார். மரத்தில் 20 சதவீதத்தைத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். வெப்பக் கமெராவில் நீலமாகத் தெரிவதெல்லாம் ஈரம் அல்ல. அது குளிர்ந்த இடம், அவ்வளவுதான். அந்த இடத்தை ஈரமானியால் உறுதி செய்யச் சொல்லுங்கள். கறுப்புத் திட்டு தெரிந்தால் ஒட்டுநாடாவால் ஒற்றி எடுப்பார்.

காற்று மாதிரி எடுப்பது எளிய விஷயம். கையடக்கமான ஒரு பிளாஸ்டிக் பேழைக்குள் பசை தடவிய கண்ணாடித் துண்டு இருக்கும். ஒரு பம்ப் நிமிடத்துக்கு 15 லீற்றர் வீதம் காற்றை அதன் வழியாக இழுக்கும். வழக்கமாக ஐந்து நிமிடம், ஆக 75 லீற்றர். ஒட்டிக்கொண்ட வித்திகளை ஆய்வுகூடத்தில் நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வெளியேயும் ஒரு மாதிரி கட்டாயம் எடுக்க வேண்டும்.

அறிக்கையை வாசிப்பது

இப்போது அந்த 160க்கு வருவோம். அறிக்கையில் எண்களைக் கன மீற்றருக்கு மாற்றி எழுதுவார்கள். ஒரு கன மீற்றர் 1,000 லீற்றர். எடுத்தது 75 லீற்றர். ஆகவே கண்ணாடியில் பார்த்த ஒவ்வொரு வித்தியும் அறிக்கையில் 13 ஆகிவிடும். எங்கள் பேஸ்மென்டில் அவர்கள் பார்த்தது பன்னிரண்டு வித்திகள். வெளியே பார்த்தது ஒன்று. ஒரு மாதிரியில் ஒன்றும் இன்னொன்றில் பன்னிரண்டும் என்பதற்காக வீட்டை உரிக்கிறவர் யாராவது உண்டா? எண்ணிய வித்திகள் என்ற வரிசை அறிக்கையில் தனியாக இருக்கும். கன மீற்றர் வரிசையை விட்டுவிட்டு முதலில் அதைப் பாருங்கள். அது அறிக்கையில் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது, மாதம். பெப்ரவரியில் நிலமெல்லாம் பனி. வெளிக்காற்றில் வித்தி மிகக் குறைவு. அன்று எந்த வீட்டை ஒப்பிட்டாலும் உள்ளே கூடத்தான் காட்டும். ஓகஸ்ட்டில் நிலைமை தலைகீழ்.

பெயர்களில் இரண்டு மூன்று தெரிந்தால் போதும். கிளாடோஸ்போரியம் வெளியே இலைகுழையில் வாழ்வது, எங்கும் வரும். ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம் இரண்டையும் இந்த முறையில் பிரித்தறிய முடியாது, அதனால்தான் சேர்த்தே எழுதுகிறார்கள். ஸ்டாக்கிபோட்ரிஸ், கைட்டோமியம் என்ற பெயர்களில் ஒன்று வந்தால், எண் சின்னதானாலும் நின்று கவனியுங்கள். இவை நாட்கணக்கில் நனைந்து கிடந்த கடதாசியிலும் மரத்திலும் வளர்பவை. எங்கேயோ ஒரு சுவர் ஊறிக் கிடக்கிறது. ஸ்டாக்கிபோட்ரிஸ் வித்தி பிசுபிசுப்பானது, எளிதில் காற்றில் எழும்பாது. ஆகவே அறிக்கை சுத்தம் என்றாலும், மணமும் ஈரமும் இருந்தால் மூக்கை நம்புங்கள். இன்னொன்று: கறுப்பு மோல்ட் என்று எல்லாரும் பயப்படும் நிறம் எதையும் நிரூபிக்காது. கிளாடோஸ்போரியமும் கறுப்புத்தான்.

சுவரை உடைக்கும் முன்

இங்கேதான் பழைய வீட்டுக்கும் புது வீட்டுக்கும் உண்மையான வித்தியாசம். அஸ்பெஸ்டஸ் சீற் கூரைக்குக் கீழேயே வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தச் சொல் எங்களைப் பயமுறுத்துவதில்லை. பயமுறுத்த வேண்டும். சீற்றாகக் கிடக்கும்வரை அது பெரும்பாலும் சும்மா கிடக்கும். உடைத்தால், உரசினால், தூளாக்கினால் அதன் இழை நுரையீரலுக்குள் போகும். 1980க்கு முந்திய கனடிய வீட்டில் அது குழாய்களைச் சுற்றிய வெள்ளை உறையிலும், 9 அங்குலச் சதுரத் தரை ஓடுகளிலும், டிரைவால் பொருத்துகளை மூடிய பூச்சிலும், பொரி ஒட்டியது போன்ற முகட்டுப் பூச்சிலும் இருக்கக்கூடும். முகட்டுக்குள் கூழாங்கல் போல, மினுமினுப்பான சாம்பல்பழுப்பு மணிகளைக் கண்டால் அது குளிர்காப்புக்காகக் கொட்டிய வெர்மிகுலைட் என்ற கனிமம். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் லிபி என்ற ஊரில் 1990 வரை தோண்டிய வெர்மிகுலைட்டில் அஸ்பெஸ்டஸ் கலந்திருந்தது, கனடிய வீடுகளிலும் அதைக் கொட்டினார்கள். கண்டால் தொடாதீர்கள், கூட்டாதீர்கள்.

ஆய்வுகூடப் பரிசோதனை கட்டாயம் என்று நான் சொல்வது இதற்குத்தான். மோல்ட் பிடித்த டிரைவாலை வெட்டப் போகிறீர்கள் என்றால், ஒரு துண்டு முதலில் ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும். கண்ணால் பார்த்து இழையைச் சொல்ல யாராலும் முடியாது. 1960க்கு முந்திய வீட்டில் பழைய பெயின்ரைச் சுரண்டப் போகிறவர்கள் ஈயத்துக்கும் சோதித்துக்கொள்ளுங்கள், சின்னப் பிள்ளைகள் உள்ள வீடானால் இன்னும் கவனமாக.

வாடகைக்கு இருந்தால்

திகதியோடு படம் எடுத்து, வீட்டுக்காரருக்கு எழுத்தில் அறிவியுங்கள். வாய்ப்பேச்சு கணக்கில் வராது. திருத்தாவிட்டால் மாநகரசபைக்கு 311இல் முறையிடலாம். அதற்கும் மேலே, ஒன்ராறியோவின் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சபையில் (Landlord and Tenant Board) திருத்தவேலை பற்றிய டி6 (T6) என்ற விண்ணப்பம் இருக்கிறது. வீட்டுக்காரர் நம் ஆள், ஒரே ஊர்க்காரர் என்று வாய்திறக்காமல் இருப்பவர்களை அறிவேன். சங்கடம் விளங்குகிறது. அதற்காக எழுதி அறிவிப்பதைக்கூட விட்டுவிடாதீர்கள்.

மணமும் நிறமும் இல்லாத ஒன்று

ரேடன் என்பது மண்ணிலிருந்து அத்திவார வெடிப்புகளால் உள்ளே ஏறும் கதிரியக்க வாயு. புகைபிடித்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் அதுதான். கனடாவின் வழிகாட்டல் அளவு கன மீற்றருக்கு 200 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு). பக்கத்து வீட்டில் குறைவு என்பதால் உங்கள் வீட்டிலும் குறைவாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு வீட்டையும் அளந்துதான் பார்க்க வேண்டும். உள்ளங்கையளவு கருவி ஒன்றை, நாளுக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் ஆள் இருக்கும் மிகத் தாழ்ந்த தளத்தில், யன்னலுக்கும் குளியலறைக்கும் தள்ளி, குறைந்தது மூன்று மாதம் வைக்க வேண்டும். ஒக்ரோபர் முதல் ஏப்ரல் வரை, வீடு பூட்டிக் கிடக்கும் காலம் நல்லது. விருந்தாளி வருகிறார்கள் என்று எடுத்து லாச்சிக்குள் வைத்துவிடாதீர்கள். நாங்கள் ஒரு முறை வைத்தோம், மூன்று மாதமும் வீண்.

அடுத்த குளிர்காலம் ஒழுங்காக வைத்தோம். மோல்டுக்குப் பயந்து மகனை மேலே ஏற்றிய அதே பேஸ்மென்டில் ரேடன் 200ஐத் தாண்டியிருந்தது. கனடாவின் ரேடன் தொழில் தகுதித் திட்டமான சி-என்ஆர்பிபி (C-NRPP) சான்றிதழ் உள்ள ஒருவர் வந்து, கொங்கிறீற் தரையில் துளையிட்டு ஒரு குழாயும் விசிறியும் பொருத்தினார். அடியிலுள்ள வாயுவை வீட்டுக்குள் விடாமல் வெளியே இழுத்துவிடும் ஏற்பாடு அது. ஒரு நாளில் முடிந்தது. மகன் திரும்பவும் கீழேதான் படுக்கிறான். விசிறியின் மெல்லிய இரைச்சல் இல்லாவிட்டால் நித்திரை வராது என்கிறான். மோல்டா? பீலிக் குழாயை நீட்டிவிட்ட பிறகு பேஸ்மென்டின் ஈர மூலை காய்ந்தே கிடக்கிறது.